அடியில் ஒட்டி வந்த அட்டை

பத்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும், பத்துக்கு மேல் கொடுத்தால் அது கொடுத்ததாகாது என்று ஞானவடிவு விடிந்ததிலிருந்து எத்தனை தரம் சொல்லிக்கொண்டாளோ. வாசல் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் தரம் இழுக்கப் போன கையைத் தானே பிடித்து இழுத்துத் தூக்குச்சட்டியின் பக்கம் திருப்பினாள். சட்டிக்குள் கஞ்சி. அரிசியையும் சிறுபருப்பையும் வறுத்துப் பொடித்து, பூண்டு நான்கு பல், சீரகம், மூன்று விரல் பிடி உப்பு, கட்டி தட்டாமல் காய்ச்சித் துணியில் வடித்தது. வடிக்காவிட்டால் ரூபாவதியின் புருஷன் எப்பிராயீம் அண்ணாச்சிக்குத் தொண்டையில் நிற்கும். ரவிக்கைக்குள் வசன அட்டை. வேர்வை படாமல் இருக்க அதை மருந்துக் கடைக் கவரில் போட்டிருந்தாள், கவரின் மூலை குத்திக்கொண்டே இருந்தது. இடுப்பில் போன். அது எந்த நிமிஷமும் அலறலாம், ஆனால் பத்துக்கு முன்னால் அலறாது, ஏனென்றால் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். மகன் ஆமோஸ் ஆறு நாற்பது பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போயிருக்கிறான், அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் தாய்வீட்டுக்கு. "தொறந்த ஒடனே தெரிஞ்சிரும்மா, அப்ரூவல் ஆயிட்டா இல்லையான்னு. கேட்டுட்டு போன் பண்ணுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பள்ளிக்கூடத்து லேப் உதவியாளர் வேலை. ஜனவரியில் சேர்த்துக்கொண்டார்கள், வேலையும் வாங்குகிறார்கள், ஆனால் மேலே இருந்து அப்ரூவல் வராத வரைக்கும் அது வேலையும் அல்ல, வேலை இல்லாததும் அல்ல. இன்று தெரிந்துவிடும். வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அட்டையைக் கொண்டு கொடுத்தால், அனுபவித்துவிட்டுச் சக்கையைக் கொடுத்த மாதிரி. வரவில்லை என்று தெரிந்த பிறகு கொடுத்தால், உதவாததைத் தள்ளிவிட்ட மாதிரி. இரண்டும் தெரியாமல் இருக்கிற இந்த நேரத்தில் கொடுத்தால்தான் அது மனதோடு கொடுத்தது. இப்போது மணி ஒன்பது இருபத்திரண்டு. ரூபாவதி வீடு ஆறு நிமிஷ நடை.

கொடுத்த பிறகு அப்ரூவல் வராமல் போய்விட்டால்? கால் அந்த இடத்தில் நின்றது. நிற்காதே, நட. இந்தக் கேள்வி காலையிலிருந்து பதினான்காவது தரம் வருகிறது, பதினான்கு தரமும் ஒரே இடத்தில்தான் குத்துகிறது, சோற்றுக் கல் சிக்கிய பல்லை நாக்கு தேடித் தேடிப் போகிற மாதிரி. வராமல் போனால் ஆமோஸ் மறுபடி அந்த இரண்டு வருஷத்துக்குத் திரும்புவான். காலையில் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ போகிற மாதிரிப் புறப்பட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டு மத்தியானம் வருவானே, வந்து, "பசிக்கலம்மா" என்பானே, அந்த இரண்டு வருஷம். அப்போதெல்லாம் அவள் அவனுடைய செருப்பைப் பார்ப்பாள். தூசி இருந்தால் நடந்திருக்கிறான், இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கிறான். செருப்பைப் பார்க்கிற அந்தப் பழக்கம் இந்த வருஷந்தான் விட்டது. எந்த மாதம் விட்டது? மார்ச். மார்ச் மாதம் ஒரு நாள் செருப்பைப் பார்க்காமல் சோறு போட்டுவிட்டாள், போட்ட பிறகு ஞாபகம் வந்து, அட என்று தோன்றி, ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுபோயிற்று. இது உனக்கு வந்தது அல்லவே வடிவு, இது ரூபாவதிக்கு வந்தது அல்லவா.

கிருபைவிளைக் கோயிலில் வருஷப் பிறப்பு அன்று காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். விரல் நீள அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். எடுக்கிறவருக்கு அந்த வருஷம் முழுவதும் அதுதான் ஆண்டவர் கொடுத்த வாக்கு. உபதேசியார் ஜெபசிங் பித்தளைத் தாம்பாளத்தை ஏந்தி நிற்பார், மேலே வெள்ளைத் துணி போட்டிருக்கும், துணிக்கு அடியில் கைவிட்டுப் பார்க்காமல் ஒன்று எடுத்துக்கொண்டு நகர வேண்டும். ஞானவடிவுக்குப் பின்னால் ரூபாவதி நின்றாள். கத்தரிப்பூ நிறத்தில் புதுச்சேலை, விறைப்பாக. காதுக்குள் வந்து, "மைனி, நல்லதப் பாத்து எடுத்துராதிய, அடுத்தது நான்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கை உள்ளே போயிற்று, வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு வாசித்தாள். ஆற்றுக்குள் இறங்கினாலும் கூடவே இறங்கி வருவேன் என்று சொல்லுகிற வசனம். நல்ல வசனந்தான், ஆனால் அதில் ஆறு இருக்கிறதே என்று ஒரு சின்னக் கலக்கம். அட்டை கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதே என்று நகத்தை விளிம்பில் விட்டாள். பளபளப்பு மை காயாமல் அடுக்கியிருக்கிறார்கள், சளுக்கென்று இரண்டாகப் பிரிந்தது. அடியில் இன்னொன்று. பானையில் மாவு தீராது, கலயத்தில் எண்ணெய் வற்றாது என்கிற வசனம். மேலே இருந்தது தன்னுடையது, அடியில் ஒட்டி வந்தது அடுத்து நின்றவளுடையது. இதில் இரண்டு பேச்சு இல்லை. ஒருவேளை தாம்பாளத்துக்குள் தலைகீழாகக் கிடந்திருந்தால்? தலைகீழாகக் கிடந்தால் அடியில் இருந்தது மேலாகிவிடும், மேலே இருந்தது அடியாகிவிடும். ஆனால் கட்டைவிரல் மேலே இருந்தது, கட்டைவிரல் பட்டது ஆறு. இதை ஆயிரம் தரம் யோசித்தாயிற்று. கட்டைவிரல் பட்டது ஆறுதான்.

அன்றைக்கே ஓடிப்போய்க் கொடுத்திருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் வீடு நிறைய ஆட்கள், மத்தியானச் சாப்பாடு, பிறகு சாயங்காலம் கூச்சம். இரண்டு எடுத்தவள் என்று யாராவது சொல்லிவிட்டால்? இருபத்தாறு வருஷம் சத்துணவுக் கூடத்தில் ஒரு முட்டை கூடவோ குறையவோ விடாதவள், கோயிலில் வைத்து இரண்டு எடுத்தாள் என்று. நாளைக்குக் கொடுப்போம். நாளை மறுநாள். பதினேழாம் தேதி ஆமோஸுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது, வந்து சேர் என்று. அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயந்தாள். மாவு தீராத அட்டை என் வீட்டில் இருக்கிறது, என் வீட்டில் மாவு வருகிறது. இப்போது கொண்டுபோய்க் கொடுத்தால்? அப்புறம் பிப்ரவரி ஒன்பது, வியாழக்கிழமை. மோட்டார் பம்ப் ரிப்பேர் பார்க்க சைக்கிளில் போன எப்பிராயீம் அண்ணாச்சி வரப்பில் சரிந்து விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே அடியில். ஆஸ்பத்திரி வாசலில் ரூபாவதி கத்தரிப்பூச் சேலையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஞானவடிவுக்கு ஆறு ஞாபகம் வந்தது. என் ஆற்றில் இவள் இறங்கிவிட்டாள். என் கட்டைவிரல் பட்ட ஆறு. புருஷன் மூச்சு நிற்குமோ நிற்காதோ என்று இருக்கிறவளிடம் போய், உன் அட்டை என் கையில் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. மறுநாள் காலையில் கஞ்சி காய்ச்சினாள். அவர் வீட்டுக்கு வந்த பிறகும் காய்ச்சினாள். இடையில் நாலு நாள் தனக்குக் காய்ச்சல், அந்த நாலு நாள் போக இன்றோடு முந்நூற்று இரண்டு.

"ஆயாம்மா! ஏ ஆயாம்மா! என்ன, கண்ணத் தொறந்துகிட்டே தூங்குதியளா?" உபதேசியார் ஜெபசிங் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றி நின்றான். அவனும் சத்துணவுக் கூடத்தில் சாப்பிட்டவன்தான். இரண்டாம் வகுப்பில் சாம்பாரில் கத்தரிக்காய் கிடந்தால் அழுவான். கேரியரில் பிரவுன் காகிதம் சுற்றிய பொட்டலம். "எங்க போயிட்டு வார?" என்றாள், கேட்க வேண்டுமே என்று. "பஸ்ஸுல பார்சல் வந்துது. புது வருஷத்து அட்டை. ஐநூறு. இந்த வருஷம் பிரஸ்காரன்ட்ட கண்டிசனாச் சொல்லிட்டேன், நடுவுல நடுவுல முகப்பவுடர் தூவித்தான் கட்டணும்னு. போன தரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ஆளாளுக்கு ரெண்டும் மூணுமா அள்ளிட்டுப் போயிட்டாவ. கடைசி இருவது பேருக்கு அட்டையே இல்ல. போதகர் ஐயா என்னயத்தான் மொறச்சாரு." அவன் சிரித்தான். ஞானவடிவுக்கு ரவிக்கைக்குள் கவரின் மூலை நேராக நின்றது. "அந்த இருவது பேரு என்ன செஞ்சாவ?" என்று கேட்டாள். "என்ன செய்ய? ஐயா கையால ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாரு. அவசரத்துல எல்லாருக்கும் ஒரே வசனம். யாருக்கும் ஒரு கொறையும் இல்ல, நல்லாத்தான் இருக்காவ. நீங்க ஏன் ஆயாம்மா இப்படி வேக்குதிய? வெயிலே வரல்லியே." அவன் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "நல்ல வாசன. இந்த வருஷம் ஆண்டவரு வாக்கெல்லாம் மல்லியப்பூ மணக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தான். ஒன்பது நிமிஷம் போய்விட்டது. ஒன்பது முப்பத்தாறு.

இருபது பேர், ஒரே வசனம், ஒரு குறையும் இல்லை. இருபது என்றால் இருபது வித வருஷம் வர வேண்டாமோ? அந்த மாதிரி இடங்களில்தான் அவளுக்குப் புத்தி சிக்கிக்கொள்ளும். சத்துணவுக் கூடத்தில் ஒரு நாள். காலையில் தலை எண்ணினாள், எண்பத்து நான்கு. எண்பத்து நான்குக்கு அரிசி போட்டாள். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூரை சரிந்துவிட்டது என்று பத்தொன்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். திரும்ப அடுப்பு மூட்ட நேரம் இல்லை. தட்டை நீட்டிய பிள்ளையை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, போட்டாள், போட்டாள், குண்டாவின் அடியைப் பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தாள். நூற்று மூன்றாவது தட்டுக்கும் சோறு விழுந்தது. அது எப்படிப் போதியது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டாள், வரவில்லை. சில பிள்ளைகள் குறைத்துச் சாப்பிட்டிருக்கும். அரிசி கொஞ்சம் பெருக்கம் கொடுத்திருக்கும். கரண்டி அரைக்கரண்டியாகப் போயிருக்கும். மூன்றையும் கூட்டினாலும் ஏழு தட்டு இடித்தது. அந்த ஏழு தட்டை அவள் புருஷனிடம் சொன்னபோது, "வடிவு, நீ ஜெபம் பண்ணும்போதுகூட ஆண்டவருக்கு லிஸ்டுதான் வாசிக்க. அவரு கையில டிக் அடிக்கப் பேனா இருக்கான்னு பாத்துக்கிட்டே ஜெபம் பண்ணுத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் போய்ப் பதினோரு வருஷம். அவர் கவலைப்பட்டு அவள் பார்த்ததே இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் அவள் பட்டாள். வீட்டில் ஒருவராவது கவலைப்படாவிட்டால் எல்லாம் சரிந்து விழுந்துவிடும், தான் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நிற்கிறது என்று ஒரு நினைப்பு. கைப்பிள்ளையோடு பஸ்ஸில் போகும்போது எதிரே இருக்கிற கம்பியை இறுக்கிப் பிடித்தால் பஸ் கவிழாது என்கிற நினைப்பு மாதிரி.

இந்த வருஷம் எத்தனை நல்லது நடந்திருக்கிறது. முழங்கால் வலி ஏப்ரலில் விட்டது. கிணறு மே மாதத்திலும் வற்றவில்லை, நடு உறை வரைக்கும் தண்ணீர் நின்றது. கார்த்திகை மழையில் ஓடு ஒழுகவில்லை. பேத்திக்கு வந்த வாந்திபேதி இரண்டே நாளில் நின்றது. ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் பெட்டை. மருமகள் தானாகவே ஒரு நாள், "அத்தை, நீங்க வச்ச மீன்குழம்பு மாதிரி எனக்கு வரமாட்டேங்குது" என்றாள். அதை எதில் சேர்ப்பது? அதையும் ஆமோஸின் வேலையையும் சேர்த்தால் ஏழு. ஏழில் ஒன்றுக்குக்கூட நன்றி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக்கு எல்லாரும் முன்னால் போவார்கள், அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். வேறொரு வீட்டு விலாசத்துக்கு வந்த பலகாரத்தைத் தின்றுவிட்டு, அனுப்பினவருக்கு எப்படி நன்றி சொல்வது? வாய் மணத்தது, வயிறு நிறைந்தது, நன்றி மட்டும் தொண்டையிலேயே நின்றது. பத்து மாதமாக நிற்கிறது. கவலையை எப்படியோ சுமந்துவிடலாம், அவளுக்குப் பழக்கம். சொல்ல முடியாத நன்றியைச் சுமப்பதுதான் முடியவில்லை.

ரூபாவதி வீட்டு வாசலில், தெருவைப் பார்த்து நட்சத்திர விளக்கு கட்டியிருந்தார்கள். போன வருஷத்து விளக்குதான், கிழிந்த முனையில் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. கம்பிக் கதவில் கை வைத்ததும் கடைசிப் பயம் வந்தது. ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன? ஆமோஸ் போன் பண்ணட்டும், அப்ரூவல் வந்தது என்று காதால் கேட்டுவிட்டு அந்த நிமிஷமே கொடுத்துவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? வருஷத்தில் இன்றைத் தள்ளினால் பத்தொன்பது நாள்தான் மிச்சம், பத்தொன்பது நாளும் தள்ளிவிட்டால் அட்டை தானே செல்லாததாகிவிடும், பிறகு கொடுக்கவும் வேண்டாம். அப்படித் தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மகனுடைய வேலையை இத்தனை நாளும் ஆண்டவர் கையில் என்று சொல்லிக்கொண்டு, இந்த மருந்துக் கடைக் கவருக்குள் அல்லவா வைத்திருந்தேன். கவரைக் கொடுத்துவிட்டால் ஆமோஸுக்கு யாரும் இல்லை என்றா நினைக்கிறேன்? இந்தக் கதவைத் தள்ளினால் தெரிந்துவிடும், நான் நம்புவது எதை என்று. இரும்பு சில்லென்று இருந்தது. ஆண்டவரே, அட்டை இல்லாத வீட்டுக்கும் நீர் உண்டா? கேள்வியாகத்தான் கேட்டாள். கேட்ட பிறகுதான், இருக்கிறார் என்று தெரிந்துதானே கேட்டேன் என்று பட்டது. கதவைத் தள்ளினாள்.

உள்ளே சுவர்க் கடிகாரம் பத்து ஐந்து காட்டியது. பத்து தாண்டிவிட்டதா? பிறகுதான், இந்த வீட்டுக் கடிகாரம் இருபது நிமிஷம் முன்னால் ஓடும் என்று ஞாபகம் வந்தது. எப்பிராயீம் அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

"வியாழக்கிழமை" என்றார் அவளைப் பார்த்து, முகம் மலர்ந்து.

"வாங்கன்னு சொல்லுதாவ" என்று உள்ளேயிருந்து ரூபாவதி சொன்னாள். "ஒக்காருங்க மைனி. ஏன் இன்னைக்கு இவ்வளவு நேரம்? இவிய வாசலையே பாத்துகிட்டு, எட்டு தரம் வியாழக்கிழமை சொல்லியாச்சி."

ஞானவடிவு தூக்குச்சட்டியை வைத்தாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு எங்கேயாவது போய்விடும். ரவிக்கைக்குள் கைவிட்டுக் கவரை எடுத்து நீட்டினாள்.

"இது உனக்குள்ளது, ரூபா."

"என்னது, மாத்திரையா?"

"அட்டை. வருஷப் பொறப்புக்கு எடுத்தது. எங் கையில ரெண்டு ஒட்டிகிட்டு வந்துட்டு. மேல இருந்தது எனக்கு, அடியில இருந்தது ஒனக்கு. நீதான எனக்குப் பின்னால நின்ன. எனக்கு வந்தது ஆறு. ஒனக்கு வந்தது மாவு. ரெண்டையும் நான் வச்சிகிட்டேன். எனக்கு வரவேண்டியது ஒனக்கு வந்துட்டு. அன்னைக்கே தந்திருக்கணும். பயத்துல தரல."

இவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. ரூபாவதி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அட்டையை வெளியே எடுத்து, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து வாசித்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தாள் ஞானவடிவு. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, ஒங்களுக்கு அடுத்து நான் கையவிட்டேனா, மொதல்ல வந்தத லேசாத் துணிய விலக்கிப் பாத்தேன், என்னமோ நியாயத்தீர்ப்புன்னு இருந்துது. காலங்காத்தால எதுக்குன்னு உள்ள போட்டுட்டேன். ரெண்டாவது எடுத்தேன், எழுத்து பொடிசா இருந்து, அதையும் போட்டுட்டேன். மூணாவது எடுத்தத வச்சிகிட்டேன். ஜெபசிங்கு பாத்துகிட்டே நின்னான், ஒண்ணும் சொல்லல. இதுல எனக்குள்ளது எது? மொதலா, ரெண்டா, மூணா, இல்ல நீங்க வச்சிருக்க நாலாவதா?"

"மூணாவதுல என்ன போட்டிருந்துது?"

"யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிப் பையில கெடந்து எங்கேயோ போயிட்டு. பிப்ரவரிக்குப் பொறகு நான் அட்டையத் தேடவே இல்ல."

ஞானவடிவு எண்ணத் தொடங்கினாள். முதலில் ஒன்று, இரண்டாவது ஒன்று, மூன்றாவது ஒன்று, அப்படியானால் அடியில் ஒட்டியது எந்த வரிசையில், ரூபாவதிக்குப் பின்னால் நின்றவள் எடுத்தது யாருடையது, அவள் உள்ளே போட்டதை எடுத்தவர் யார், கடைசி இருபது பேர். ஒரு இழையை இழுத்தால் ஊர் முழுவதும் அவிழ்ந்துகொண்டு வந்தது. நூற்று மூன்று தட்டு. ஆண்டவரும் தன்னைப் போல ஒரு ஆயா, காலையில் தலை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து போட்டுவிட்டு, ஒருத்தி இரண்டு தட்டு நீட்டினால் கடைசிப் பிள்ளைக்கு இல்லாமல் போய்விடும் என்று அல்லவா நினைத்திருந்தாள். அந்தக் குண்டாவுக்கு அளவு கிடையாதோ? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள் ஏதோ ஒன்று லேசாக, வெகு லேசாக, இருக்கிற இடத்தைவிட்டு எழுந்தது.

ஆனால் ரூபாவதியின் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. அட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் தூக்குச்சட்டியைப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கஞ்சி? இத்தன நாளா? இது எனக்காகக் கொண்டாந்தது இல்லியா? குத்தம் செஞ்சதுக்கு அபராதமா?"

அது ஞானவடிவு எதிர்பார்க்காத இடம். கோபப்படுவாள் என்று நினைத்திருந்தாள், அழுவாள் என்று நினைத்திருந்தாள், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். பொய் சொல்லத் தெரியாது.

"மொதல்ல அப்படித்தான்" என்றாள் மெதுவாக. "மொத வாரம் பயத்துலதான் கொண்டாந்தேன். பொறகு, அண்ணாச்சிக்கு உப்பு கொறச்சாப் பிடிக்காதுன்னு தெரிஞ்சிது. பொறகு ஒன்ன ஒரு நாள் பாக்கலன்னா என்னமோ மாதிரி இருந்துது. காய்ச்சல் நாலு நாளும் கஞ்சி போகலியேன்னு பொலம்பினேன்னு மருமவ சொன்னா. அப்ப அட்டை ஞாபகமே இல்ல. எந்த நாள்ல மாறிச்சின்னு எனக்குத் தெரியல, ரூபா. நானும் யோசிச்சிப் பாக்கேன். தெரியல."

"ஒங்களுக்கா? தெரியலியா?" ரூபாவதி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணைச் சேலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில வச்சி நான் ஆண்டவர்ட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், மைனி. காலையில எந்திரிச்சா இவியளுக்குக் குடுக்க ஏதாவது இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. மறுநா காலையில நீங்க சட்டியோட நிக்கிய. யாரு சொல்லி வந்தியன்னு கேட்டேன். நீங்க தரையப் பாத்துகிட்டு நின்னிய. இந்த வீட்டுல ஒரு காலையும் தவறல. நீங்க வராத நாலு நாளும் உங்க மருமவ ரவக்கஞ்சி கொண்டாந்தா, தெரியுமா?"

தெரியாது. அந்த நாலை அவள் கழித்தே வைத்திருந்தாள். ஞானவடிவு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அட்டைகள் ஒட்டாமல் இருந்திருந்தால் அவள் வந்திருப்பாளா? வந்திருப்பாள், ஒரு நாள், இரண்டு நாள், எல்லாரையும் போல ஆரஞ்சுப் பழத்தோடு. பிறகு நின்றிருப்பாள், ஊரில் எல்லாரும் நின்ற மாதிரி. அப்படியானால் மாவு யார் வீட்டில் இருந்தது? யார் யாருக்குக் கொடுத்தார்கள்? பயந்து பயந்து சுமந்தது எது, திருடினது என்று நினைத்ததா, அனுப்பி வைத்ததா? கணக்கு அந்த இடத்தில் வரவில்லை. வராதது இந்த முறை வலிக்கவில்லை.

அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, சுவர்க் கடிகாரம் பத்தரையைத் தாண்டியபோது போன் அலறியது. பழக்கத்தில் அவசரமாக இடுப்பிலிருந்து எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா." ஆமோஸின் குரலுக்குப் பின்னால் பஸ் சத்தம். "இன்னும் ஆகலம்மா. ஃபைல் மேல போகலியாம். இன்னொரு சர்டிபிகேட் வைக்கணுமாம், ஜனவரி கடைசியில வந்து பாருங்கன்னுட்டாவ. ஆகாதுன்னு சொல்லல. ஆகும்னும் சொல்லல."

அந்தக் கல்லை நாக்கு தேடிப் போயிற்று. அவள் அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பல்லில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இல்லை, கல் இருந்தது, ஜனவரி கடைசி என்பது ஒரு கல்தான், ஆனால் அது சாப்பிட முடியாத அளவுக்குப் பெரிதாக இல்லை.

"நீ சாப்பிட்டியால?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இனிமேத்தான்."

"மொதல்ல சாப்பிடு. பசியோட பஸ் ஏறாத. ஜனவரி வந்தா போய்க்கிடலாம். இந்த ஒரு வருஷம் நடத்தினவரு ஜனவரியில எங்க போகப் போறாரு?"

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது. போனை அணைத்து இடுப்பில் செருகினாள். ரூபாவதி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னும் வரல" என்றாள் ஞானவடிவு, தபால்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்லுகிற மாதிரி.

"அப்ப வாங்க, தோசை ஊத்துதேன். இத்தன நாளா ஒரு வாய்த் தண்ணிகூட இந்த வீட்டுல குடிச்சதில்ல நீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா? நம்ம வீட்டு ஏனத்துல குடிக்கப் பிடிக்கலியோன்னு நான் பேசாம இருந்தேன்."

"பிடிக்காம இல்லட்டீ" என்றாள்.

மூன்று தட்டு வந்தது. ஒன்றில் கஞ்சி, இரண்டில் தோசை, பொட்டுக்கடலைத் துவையல். ஆவி பறந்தது. "ஜெபம் பண்ணுங்க மைனி" என்றாள் ரூபாவதி. ஞானவடிவு நாலு பேர் கேட்க வாய்விட்டு ஜெபம் பண்ணியதே இல்லை, பெண்கள் கூட்டத்தில் தன் முறை வரும்போது தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவாள். கண்ணை மூடினாள். முழங்கால், கிணறு, ஓடு, பேத்தி, ஆட்டுக்குட்டி, மீன்குழம்பு, பத்து மாதமாக வரிசையாக நின்றவையெல்லாம் ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு வந்தன. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை, ஜனவரி கடைசியும் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ நின்றது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். மறுபடியும், "ஸ்தோத்திரம்." அதற்குமேல் வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது, அது போதுமானதாக இருந்தது.

எப்பிராயீம் அண்ணாச்சி இடது கையைக் கஷ்டப்பட்டு நெஞ்சுக்குத் தூக்கிவைத்து, "வியாழக்கிழமை" என்றார் உரக்க.

அன்று செவ்வாய். ஆமென் என்று ரூபாவதியும் அவளும் சேர்ந்து சொன்னார்கள், தோசை ஆறுவதற்குள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.